சித்திரக்காரர் ஆல்பெர்ட்டு நமட்ஜிரா

ஒரு தேசத்தாரின் உள்ளத்தை அறிய விழைவோர், அத்தேசத்துச் சித்திரசாலைகளையும் காண்டல் வேண்டும். எவற்றை அழகெனக் கொண்டு சுவரில் மாட்டினர், எவரை மதித்தனர், எவரை மதியாது விட்டனர் என்பனவெல்லாம் ஆங்கே விளங்கும். ஆஸ்திரேலியாவின் சித்திரசாலைகளுள் நுழைவோர், பொன்னிறச் சட்டமிட்ட பெரும்படங்களுக்கிடையே சிறிய நீர்வண்ணச் சித்திரங்கள் சிலவற்றைக் கண்டு நிற்பர். ஊதா நிற மலைகள், செந்நிற மண், நமது நீலகிரியில் தைலமரம் என வழங்கும் யூக்கலிப்டஸோடு உறவுடைய வெண்ணிற மரங்கள் ஆகியவை அவற்றில் ஒளிவீசும். அவற்றைத் தீட்டியவர் ஆல்பெர்ட்டு நமட்ஜிரா என்பார். அத்தேசத்து ஆதிக்குடிகளுள் சித்திரத்தால் முதன்முதற் பெரும்புகழ் எய்தியவர் இவரே. இவர் சரிதம் புகழின் சரிதமாகவும் துயரின் சரிதமாகவும் அமைந்துள்ளது. அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஆஸ்திரேலியாவின் நடுப்பாகம் மழை அருகிய பாலைநிலம். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊருக்கு மேற்கே ஏறக்குறைய 80 மைல் தொலைவில், பிங்கு ஆற்றங்கரையில், ஜெர்மானிய லுத்தரன் மிஷனரிமார் 1877இல் ஹெர்மன்ஸ்பர்க் என்னும் மிஷனை நிறுவினர். அந்நிலம் தொன்றுதொட்டு அரண்டா மக்களுக்குரியது. அம்மிஷனில் 1902ஆம் ஆண்டு ஜூலை மாதம் 28ஆம் தேதி நம் சித்திரக்காரர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் எலியா என்பது. பெற்றோர் கிறிஸ்து மார்க்கத்தைத் தழுவியபோது, 1905இல் இவரும் ஞானஸ்நானம் பெற்று ஆல்பெர்ட்டு எனப் பெயர் பூண்டார். மிஷன் பள்ளியிற் பயின்றாராயினும், பதின்மூன்றாம் வயதில் தம் குலப்பெரியோரிடஞ் சென்று, ஆண்மக்களுக்குரிய சடங்குகளையும் முன்னோர் கதைகளையும் நிலத்தின் மறைபொருள்களையுங் கற்றுத் திரும்பினார். இவ்விரு கல்வியும் இவரிடத்து ஒருங்கே தங்கின. இதனை உணராதார் இவர் சித்திரங்களையும் உணரார்.

ஏறக்குறையப் பதினெட்டாம் வயதில் இல்கலிட்டா என்னும் கன்னிகையை மணந்தார். அம்மணம் குலவிதிக்கு மாறானமையின், தம்பதிகள் சில ஆண்டுகள் வெளியே வாழ நேர்ந்தது. மீண்டும் மிஷனுக்கு வந்தபின் அவ்வம்மையார் ரூபினா என்னும் ஞானஸ்நானப் பெயர் பெற்றார். குடும்பம் பெருகிற்று. ஒட்டகம் ஓட்டல், மாடு மேய்த்தல், கொல்வேலை, தச்சுவேலை என அகப்பட்ட தொழிலையெல்லாம் நமட்ஜிரா செய்தார். மரப்பலகைகளில் சூட்டுக்கோலால் உருவங்கள் வரைந்து விற்றும் சிறு பொருள் ஈட்டினார்.

அக்காலத்தில் அந்நாட்டைக் கொடும்பஞ்சம் வாட்டிற்று. மிஷனிற் குழந்தைகள் பலர் நோயுற்று மாண்டனர். நல்ல நீர் ஊற்று சில மைல் தொலைவில் இருந்தும், அதனைக் குழாய் வழியே கொணரப் பொருளில்லை. ஆங்குச் சென்று அந்நிலையைக் கண்ட வயலட் டீக், யூனா டீக் என்னும் சகோதரிகள், சித்திரக்காரர் பலரிடம் படங்கள் பெற்று மெல்போர்னில் ஒரு கண்காட்சி நடாத்தினர். அதனாற் கிடைத்த பொருள் உதவ, 1935இல் நீர் மிஷனை வந்தடைந்தது. சித்திரம் செல்வர் மாளிகைக்கு அணியாவதோடு, தாகமுற்றோர்க்குத் தண்ணீருமாகும் என்பதை ஹெர்மன்ஸ்பர்க் மக்கள் கண்கூடாகக் கண்டனர்.

நிற்க, 1934இல் மற்றொரு கண்காட்சி அம்மிஷனிலேயே நடைபெற்றது. ரெக்ஸ் பாட்டர்பி, ஜான் கார்ட்னர் என்னும் இரு சித்திரக்காரர், தாம் அப்பக்கத்து மலைகளைப் பார்த்துத் தீட்டிய நீர்வண்ணப் படங்களை அம்மலைகளுக்குரிய மக்களுக்கே காட்டினர். பேரூர்களினின்று எத்தனையோ காதம் விலகிய அவ்விடத்து வைத்த எளிய காட்சியே ஒரு வாழ்வை மாற்றியது. கண்டோருள் ஒருவராகிய நமட்ஜிரா, தாமும் அங்ஙனந் தீட்டவியலும் என உறுதிகொண்டார். 1936இல் பாட்டர்பி மீண்டும் வந்தபோது, அவருடைய ஒட்டகங்களை ஓட்டிச்செல்லும் பணியை ஏற்று, அதற்கு ஈடாக வண்ணந்தீட்டும் முறையைக் கற்றார். ஏறக்குறைய இரு மாதப் பயிற்சியே பெற்றார். பாட்டர்பி முதல் உலகப்போரிற் காயமுற்றவர். தம் மாணவரது வேகத்தைக் கண்டு வியந்து, ஆயுள் முழுதும் அவருக்கு உற்ற நண்பராயினார். மிஷன் தலைவராகிய ஆல்பிரெக்ட்டு ஐயரும் ஊக்கமளித்தார்.

1937இல் பாட்டர்பி தம் படங்களோடு மாணவரின் படங்கள் மூன்றையும் அடிலெய்டு நகரில் காட்சிக்கு வைத்தார். 1938ஆம் ஆண்டு டிசம்பரில் மெல்போர்ன் நகரில் நமட்ஜிராவின் படங்கள் மட்டும் கொண்ட கண்காட்சி நிகழ்ந்தது. வைத்த 41 படங்களும் மூன்று நாட்களுக்குள் விலைபோயின. 1939இல் அடிலெய்டிலுள்ள தென் ஆஸ்திரேலியச் சித்திரசாலை, ஹாஸ்ட்ஸ் பிளப் என்னும் மலையைத் தீட்டிய படமொன்றை வாங்கிற்று. அதன்பின் சிட்னி முதலிய நகரங்களிலும் இவர் படங்கள் வைத்தவுடன் விற்றுத் தீர்ந்தன. இல்லந்தோறும் அவற்றின் அச்சுப் பிரதிகள் தொங்கலாயின.

எனினும் கலைவல்லுநர் சிலர் இவரை மதித்திலர். ஐரோப்பியர் முறையைத் திறம்படப் பின்பற்றியவரேயன்றித் தமக்கென ஒன்று இல்லாதவர் என இகழ்ந்தனர். இவ்விகழ்ச்சி பொருந்துமா என ஆராய்வாம். அவர் தீட்டிய மலைகள் பலவும் அவருக்கும் அவர் உறவினர்க்கும் முன்னோர் வழிவந்த உரிமையும் கடமையும் உடைய இடங்கள். ஒவ்வொரு பாறைக்கும் மரத்திற்கும் அவர் கதை அறிவார். அயலான் வறண்ட பாழ்நிலமாகக் கண்ட இடத்தை, அவர் தாய்வீடாகக் கண்டார். கருவி ஐரோப்பியருடையது, கண்ணோ அரண்டா மகனுடையது. இவ்வுண்மையைக் கலையுலகம் உணர்ந்தது அவர் மறைந்து நெடுங்காலத்திற்குப் பின்னரே.

புகழ் வளர்ந்த வேகத்தில் உரிமை வளரவில்லை. 1944இல் அத்தேசத்துப் பிரமுகர் வரலாற்றுக் கோவையில் இவர் பெயர் இடம்பெற்றது. ஆதிக்குடிகளுள் அப்பேறு முதலிற் பெற்றவர் இவரே. 1954இல் கான்பெராவில் எலிசபெத் ராணியாரைக் கண்டு மரியாதை செய்தார். 1956இல் வில்லியம் டார்கி இவர் உருவைத் தீட்டி ஆர்ச்சிபால்டு பரிசு பெற்றார். ஆயினும் மேய்ச்சல் நிலம் வேண்டி விண்ணப்பித்தபோது இவருக்கு அது மறுக்கப்பட்டது. 1951இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வீடு கட்டிக்கொள்ள விரும்பியபோதும் ஆதிக்குடியினர் என்னுங் காரணத்தால் தடுக்கப்பட்டார். வருமான வரி மட்டும் தவறாது கேட்கப்பட்டது. எவருடைய படங்களுக்காக நகரச் சித்திரசாலைகளின் கதவுகள் திறந்தனவோ, அவர் ஊர்ப்புறத்து வறண்ட ஓடைக்கருகே கூடாரத்தில் தங்கினார்.

இம்முரண்பாடு பலர் உள்ளத்தையும் உறுத்தவே, 1957இல் நமட்ஜிராவுக்கும் அவர் மனைவியார்க்கும் மட்டும் குடியுரிமை வழங்கப்பட்டது. வாக்களிக்கவும், நிலம் வாங்கவும், மது வாங்கவும் அவ்விருவர்க்கு உரிமையுண்டு. உற்றார் உறவினர்க்கு இல்லை. அவர் குலத்தாரோ, ஒருவன் பெற்றது அனைவர்க்கும் பொது எனக் கொள்பவர். படங்களால் வந்த பொருளைக்கொண்டு அவர் பெருங்கூட்டமாகிய சுற்றத்தைப் பேணிவந்தார். கையிலுள்ளதை உறவினருக்கு மறுப்பது அவர் குலநெறிக்குப் பெரும்பிழை. மதுவைக் கொடுப்பதோ சட்டத்திற்குக் குற்றம். 1958இல், உறவினரும் சித்திரக்காரருமாகிய ஒருவருக்கு மது கிடைக்கச் செய்தார் என வழக்குத் தொடுக்கப்பட்டு, ஆறு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. தேசமெங்கும் கண்டனம் எழுந்தது. மேல்முறையீட்டில் தண்டனை மூன்று மாதமாகக் குறைந்தது. 1959இல் பப்புன்யா என்னும் குடியிருப்பில் இரு மாதங்கள் காவலிலிருந்து அவர் மீண்டார். ஆனால் உள்ளம் மீளவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டு 8ஆம் தேதி ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஆஸ்பத்திரியில் 57ஆம் வயதில் உயிர்நீத்தார்.

இறந்தபின்னும் அவர் சந்ததியார்க்கு நீதி எளிதிற் கிட்டவில்லை. 1983இல் அவர் சித்திரங்களின் பதிப்புரிமை, குடும்பத்தாரைக் கேளாமலே அரசாங்க அதிகாரியால் 8,500 டாலருக்கு ஒரு பதிப்பகத்தார்க்கு விற்கப்பட்டது. நெடிய முயற்சிக்குப் பின் 2017இல் அவ்வுரிமை குடும்பத்தாரின் அறநிலையத்திற்குத் திரும்பிற்று. 2020இல் அவருடைய கொள்ளுப்பேரர் வின்சென்ட்டு நமட்ஜிரா ஆர்ச்சிபால்டு பரிசைப் பெற்றார். பாட்டனாரை வரைந்தவர்க்குக் கிடைத்த பரிசு, 64 ஆண்டுகள் கழித்து, பேரரின் தூரிகைக்கே கிடைத்தது.

இன்று நமட்ஜிராவின் சித்திரங்களைக் காண்போர், கான்பெரா தேசியச் சித்திரசாலையிலும், தம் நகரச் சித்திரசாலைகளிலும், ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலுள்ள அரலூயன் கலைமன்றத்திலும் காணலாம். பேரூர்ச் சாலைகளிற் காண்பதிலும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸிற் காண்பதில் ஒரு சிறப்புண்டு. ஆங்கு வாயிலைவிட்டு வெளிவந்தால், படத்திற் கண்ட மலைத்தொடரே எதிரே நிற்கும். வண்ணம் மிகையென்று எண்ணியவர், மாலை வெயிலில் அம்மலை உண்மையாகவே ஊதாவாவதைக் கண்டு தம் கருத்தை மாற்றிக்கொள்வர்.

மாணவர்காள், கலைஞன் கைத்தொழிலை மெச்சிப் பொருள் கொடுத்து வாங்குதல் எளிது. அக்கைக்குரியவனைத் தம்மோடொத்த மனிதனாக ஏற்று அருகில் வீடு கட்ட இடங்கொடுத்தலே அரிது. ஆஸ்திரேலியர் ஒரு தலைமுறைக் காலம் முன்னதைச் செய்து பின்னதைச் செய்யாது விட்டனர். அவரைக் குறைகூறுமுன், நம்மூர்க் கோயிலிலும் கண்காட்சியிலும் நாம் வியக்கும் சிற்பத்தையும் நெசவையும் மட்பாண்டத்தையும் செய்தவர் எத்தெருவில் வாழ்கின்றனர், அத்தெருவிற்கு நாம் என்றேனும் சென்றதுண்டா என நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக. அக்கேள்வியை நம்முள் எழுப்புவதே நமட்ஜிராவின் வாழ்க்கை நமக்களிக்கும் பெரும்பயனாம்.