தந்தத்தில் எலும்புக்கூடு கேட்ட தஞ்சை மன்னர்: சரபோஜிக்கும் இன்றைய பல் இம்ப்ளாண்டுக்கும் என்ன தொடர்பு?

பல் இம்ப்ளாண்ட் வைக்கப் போகும் பலருக்கு கிளினிக்கில் ஒரு எதிர்பாராத செய்தி காத்திருக்கும். தாடை எலும்பு கரைஞ்சிருக்கு, முதலில் எலும்புத்தூள் வைத்து அந்த இடத்தை நிரப்பணும் என்பார் மருத்துவர். அந்தத் தூள் எதிலிருந்து வருகிறது? சிலவகை மாட்டெலும்பிலிருந்து. சிலவகை இறந்தவர்கள் தானமாகத் தந்த எலும்பிலிருந்து. இதைக் கேட்டதும் சிலருக்குத் தயக்கம் வரும். அடுத்தவர் எலும்பை நம் வாய்க்குள் வைப்பதா?

எலும்பை முன்னிட்டு இதுபோன்ற ஒரு தயக்கம் 200 ஆண்டுகளுக்கு முன்பு தஞ்சாவூர் அரண்மனையிலும் எழுந்தது. அதை எதிர்கொண்டவர் மன்னர் இரண்டாம் சரபோஜி.

சிறையிலிருந்து சிம்மாசனம்

1777 செப்டம்பர் 24-ல் போன்ஸ்லே மராட்டியக் குடும்பத்தில் பிறந்தவர் சரபோஜி. வாரிசு இல்லாத தஞ்சை மன்னர் துளஜா, 1787-ல் தான் இறப்பதற்குச் சற்று முன்பு சிறுவனைத் தத்தெடுத்தார். ஆனால் அரியணை ஏறியது துளஜாவின் தம்பி அமர்சிங். தத்துப்பிள்ளையின் கதி அரண்மனைக்குள்ளேயே அடைபட்டுக் கிடப்பது என்றானது.

அவருக்காகப் போராடியவர் ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸ். அவரது முயற்சியால் சிறுவன் சென்னைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கே ஐரோப்பியக் கல்வி பெற்றார். ஆங்கிலம் சரளமாக வந்தது. அறிவியல் மேல் தீராத ஆசையும் வந்தது. 1798 பிப்ரவரியில் சுவார்ட்ஸ் காலமானார். அதே ஆண்டு ஜூனில் சரபோஜி மன்னரானார்.

முடி வந்தது, நாடு நிலைக்கவில்லை. 1799 அக்டோபரில் போட்ட ஒப்பந்தத்தின்படி தஞ்சை ராஜ்யத்தின் நிர்வாகம் முழுக்க கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. காவிரி பாயும் நெல் வயல்களில் வரி வசூலிப்பது இனி கம்பெனி. மன்னருக்கு மிச்சம் தஞ்சைக் கோட்டையும் அதன் சுற்றுப்புறமும், ஆண்டுக்கு 1 லட்சம் பகோடா தொகையும், நில வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும்தான்.

வேறொருவராக இருந்தால் அந்தப் பணத்தை ஆடம்பரத்தில் கரைத்திருக்கலாம். சரபோஜி அதில் பெரும்பகுதியைப் புத்தகம், கருவி, மருந்து, பள்ளிக்கூடம் என்று செலவழித்தார்.

எலும்பைத் தொட முடியாத மாணவர்

ஐரோப்பாவிலிருந்து ஆயிரக்கணக்கான நூல்களை வரவழைத்தார். பலவற்றில் ஆங்கிலத்தில் அவரே போட்ட கையெழுத்தை சரஸ்வதி மகால் நூலகத்தில் இன்றும் பார்க்கலாம். மருத்துவம், உடற்கூறியல் நூல்களும் அதில் உண்டு.

இங்கேதான் சிக்கல். உடற்கூறியல் படிக்க எலும்புக்கூடு வேண்டும். ஆனால் மனித எலும்பைத் தொடுவது தீட்டு என்பது அன்றைய அரண்மனை வழக்கம். மன்னரே அதை மீறினால் ஊர் என்ன சொல்லும்?

சரபோஜி படிப்பை விடவில்லை; வழக்கத்தோடு சண்டைக்கும் போகவில்லை. யானைத் தந்தத்தில் செய்த எலும்புக்கூடு ஒன்று வேண்டும் என்று கேட்டார். வடிவம் எலும்பு, பொருள் தந்தம். படிப்பதற்கு அது போதும் என்பது அவர் கணக்கு.

எலும்புக்கு மாற்றாக வேறொன்று என்ற யோசனை அவரோடு முடியவில்லை. 1890-ல் பெர்லினில் தெமிஸ்டோகிளஸ் குளுக் என்ற அறுவை மருத்துவர், நோயால் கெட்டுப்போன முழங்கால் மூட்டுக்குப் பதிலாகத் தந்தத்தால் செய்த மூட்டைப் பொருத்தினார். தந்தம் உள்ளே நீண்ட காலம் தாக்குப்பிடிக்கவில்லை. படிக்க உதவும் மாற்று ஒன்று, உடம்பு ஏற்றுக்கொள்ளும் மாற்று வேறொன்று என்பது அப்போது தெளிவானது.

தன்வந்திரி மகால்

சரபோஜியின் மருத்துவ ஆர்வத்துக்கு மையமாக இருந்தது தன்வந்திரி மகால். சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஆங்கில வைத்தியம் என்று நான்கு முறை மருத்துவர்களும் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தார்கள். மனிதர்களுக்கும் கால்நடைகளுக்கும் மருந்து தயாரித்தார்கள். சோதித்துப் பார்த்த முறைகள் தமிழில் தொகுக்கப்பட்டன. பின்னாளில் சரஸ்வதி மகால் அவற்றை சரபேந்திர வைத்திய முறைகள் என்ற வரிசையாக வெளியிட்டது. அதில் கண் நோய்க்கும் தனி நூல் உண்டு, நீரிழிவுக்கும் தனி நூல் உண்டு.

மருத்துவம் அரண்மனையோடு நிற்கவில்லை. 1802-ல் ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் பெயரில் அவர் கட்டிய சத்திரத்தில் வழிப்போக்கர்களுக்குச் சாப்பாடு மட்டுமல்ல, நோயாளிகளுக்கு வைத்தியமும் பிள்ளைகளுக்குப் படிப்பும் கிடைத்தது.

ஆனால் இன்றைய மருத்துவர்களை வியக்க வைப்பது அவரது கண் மருத்துவப் பதிவேடுகள்தான். 1820-களில் அவரது மேற்பார்வையில் சிகிச்சை பெற்றவர்களின் கேஸ் ஷீட்டுகள் அவை. நோயாளியின் பெயர், வயது, என்ன கோளாறு, என்ன சிகிச்சை, பிறகு பார்வை எப்படி இருந்தது என்று குறித்திருக்கிறார்கள். கூடவே கண்களின் வண்ண ஓவியங்கள். கேமரா இல்லாத காலத்தில் ஓவியரை உட்கார வைத்து சிகிச்சையின் பலனைப் பதிவு செய்திருக்கிறார்கள். நோயாளி வீட்டுக்குப் போனதும் கதை முடிந்தது என்று அவர் விடவில்லை.

1832 மார்ச் 7-ல், 54 வயதில் சரபோஜி காலமானார். மகன் சிவாஜி 1855-ல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும், மிச்சமிருந்த அரச உரிமையையும் கம்பெனி முடித்துவைத்தது. புத்தகங்களும் பதிவேடுகளும் தப்பித்தன.

இன்று: தூளில் என்ன இருக்கிறது?

பல் எடுத்த முதல் ஓராண்டில் அந்த இடத்து எலும்பின் அகலம் ஏறக்குறைய பாதி வரை குறையலாம். அதில் பெரும்பகுதி முதல் 3 மாதத்திலேயே போய்விடும். அதனால்தான் சிலருக்கு எலும்பு நிரப்பு தேவைப்படுகிறது. எல்லோருக்கும் தேவைப்படாது. நிரப்பும் பொருள் நான்கு வகை.

- சொந்த எலும்பு: நோயாளியின் மோவாய் அல்லது தாடையின் பின்பகுதியிலிருந்து எடுப்பது. உயிரணுக்கள் இருப்பதால் எலும்பு வளர நல்லது. ஆனால் இன்னொரு இடத்தில் காயம் படும், கொஞ்சம் கரையவும் செய்யும்.
- கொடையாளர் எலும்பு: இறந்தவர் தந்தது. பரிசோதித்து, பதப்படுத்தி வரும்.
- விலங்கு எலும்பு: பெரும்பாலும் மாடு. கரிமப் பொருளை நீக்கிவிட்டு, தாதுச் சட்டகத்தை மட்டும் வைத்திருப்பார்கள். மெதுவாகக் கரைவதால் இடத்தின் அளவு குறையாமல் பார்த்துக்கொள்ளும்.
- செயற்கை: ஹைட்ராக்ஸி அபடைட், ட்ரை கால்சியம் பாஸ்பேட் போன்றவை. முன்னது மெதுவாகக் கரையும், பின்னது சீக்கிரம் கரையும்.

மேலே மூடும் கொலாஜன் சவ்வும் மாடு அல்லது பன்றியிலிருந்து வரலாம். சைவ உணவுக்காரர், இந்து, முஸ்லிம் என்று யாராக இருந்தாலும், இதை அறுவைக்கு முன்பே கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. வேண்டாம் என்றால் சொந்த எலும்போ செயற்கைப் பொருளோ பொருந்துமா என்று பேசி முடிவெடுக்கலாம்.

எப்போது உறுதியாகும்?

1952-ல் ஸ்வீடனைச் சேர்ந்த பிரோனெமார்க், முயல் எலும்புக்குள் வைத்த டைட்டானியம் கருவியைத் திரும்ப எடுக்க முடியவில்லை என்பதைக் கவனித்தார். எலும்பு அதை இறுகப் பற்றியிருந்தது. 1965-ல் முதல் நோயாளியின் தாடையில் டைட்டானியம் இம்ப்ளாண்ட் வைத்தார்.

வைத்த அன்றே கிடைக்கும் பிடிப்பு, திருகாணி மரத்தில் நிற்பதைப் போன்றது. அதற்கு முதல்நிலை உறுதி என்று பெயர். அடுத்த சில வாரங்களில் சுற்றியுள்ள பழைய எலும்பு கொஞ்சம் கரையும்போது இந்தப் பிடிப்பு குறையும். பிறகு புது எலும்பு வளர்ந்து ஒட்டும்போது இரண்டாம்நிலை உறுதி வரும்.

டெல்டாக்காரர்களுக்கு இது புதிதல்ல. நட்ட அன்று நாற்றை நிறுத்துவது சேறுதான். சில நாள் வாடி நிற்கும். வேர் பிடித்துப் பச்சை கட்டின பிறகுதான் அது பயிர். அதற்குள் யாரும் பிடுங்கிப் பார்ப்பதில்லை.

அதேபோல இம்ப்ளாண்டிலும் கீழ்த்தாடைக்குச் சுமார் 3 மாதம், எலும்பு மென்மையான மேல்தாடைக்கு 6 மாதம் வரை காத்திருப்பது பழைய வழக்கம். இப்போது நல்ல முதல்நிலை உறுதி இருந்தால் சிலருக்குச் சீக்கிரமே பல் பொருத்துகிறார்கள். எலும்பு நிரப்பு பெரிதாக இருந்தால், இம்ப்ளாண்ட் வைப்பதற்கு முன்பே பல மாதம் ஆறவிட வேண்டியிருக்கும். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையும் புகைப்பழக்கமும் இந்த ஒட்டுதலைக் கெடுக்கும்.

எனவே கேட்க வேண்டிய கேள்விகள் இவை: எனக்கு நிரப்பு கண்டிப்பாகத் தேவையா? பொருள் எது, எதிலிருந்து வந்தது? உறுதியை எப்போது, எப்படிச் சோதிப்பீர்கள்? பொருளின் பெயர், இம்ப்ளாண்டின் அளவு, எக்ஸ்ரே எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 10 வருஷம் கழித்து வேறு ஊரில் வேறு மருத்துவர் பார்க்க நேர்ந்தால், தஞ்சாவூர் கேஸ் ஷீட்டுகளைப் போல அந்தத் தாள்தான் நடந்ததைச் சொல்லும்.