விட்டுப்போன கமாவைச் சுட்டிக்காட்டிய எந்திரம்

பள்ளியில் மக்குப் பையன். கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்டவர். பின்னாளில் கம்ப்யூட்டர் உலகமே அவரைப் போற்றியது. அவர்தான் ஜான் பாக்கஸ்.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில், 1924-ம் ஆண்டு டிசம்பர் 3-ந் தேதி பிறந்தார். செல்வக் குடும்பம். ஆனால் படிப்பில் நாட்டம் இல்லை. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். வகுப்புக்கே ஒழுங்காகப் போகவில்லை. வெளியே அனுப்பி விட்டார்கள்.

பிறகு பட்டாளத்தில் சேர்ந்தார். அங்கே தலையில் கட்டி இருப்பது தெரிந்தது. ஆபரேஷன் செய்து, மண்டையில் தகடு பொருத்தினார்கள். டாக்டருக்குப் படிக்கப் போனார். அதையும் பாதியில் விட்டார்.

ரேடியோ காட்டிய வழி

நல்ல ரேடியோ ஒன்று செய்ய வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதற்காக ரேடியோ தொழிற்பள்ளியில் சேர்ந்தார். அங்கே ஆசிரியருக்குக் கணக்குப் போட்டு உதவினார். கணக்கில் ருசி பிறந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்து, 1949-ல் பட்டம் பெற்றார். 1950-ல் ஐ.பி.எம். கம்பெனியில் வேலை கிடைத்தது.

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதுவது பெரும்பாடு. எந்திரத்துக்குரிய குறிகளிலும் எண்களிலுமே எழுத வேண்டும். ஒன்று தவறினாலும் கணக்கு கெட்டுவிடும். தவறு எங்கே என்று எந்திரம் சொல்லாது. மனிதன்தான் தேடித் தேடிக் களைக்க வேண்டும்.

பாக்கசுக்கு இது சலித்தது. மனிதன் கணக்குப் புத்தகத்தில் எழுதுவது போல எழுதட்டும். எந்திரமே அதைத் தன் மொழிக்கு மாற்றிக்கொள்ளட்டும் என்று நினைத்தார். 1953-ல் மேலதிகாரியிடம் யோசனை கூறி, அனுமதி பெற்றார். சிறு குழுவுடன் உழைத்தார். 1957-ல் 'போர்ட்ரான்' மொழி வெளிவந்தது. அதை எந்திர மொழிக்கு மாற்றித் தருவதுதான் 'கம்பைலர்'.

முதல் சோதனை

1957 ஏப்ரல் மாதம். பிட்ஸ்பர்க் அருகே பெட்டிஸ் அணுசக்தி ஆராய்ச்சி நிலையத்துக்கு ஓர் அட்டைக்கட்டு வந்தது. விளக்கம் எதுவும் இல்லை. போர்ட்ரானாகத்தான் இருக்கும் என்று ஊகித்து, அங்கிருந்தவர்கள் தாங்கள் எழுதிய கணக்கை அதனிடம் கொடுத்துப் பார்த்தார்கள்.

விடை வரவில்லை. ஒரே ஒரு பிழைச் செய்தி வந்தது. அடைப்புக்குறி முடிந்ததும் ஒரு கமா வேண்டும், அது இல்லை என்று எந்திரம் அச்சடித்திருந்தது!

இல்லாத பொருளை எப்படிச் சுட்டிக்காட்டுவது? அது இருந்திருக்க வேண்டிய இடத்தைக் காட்டியது கம்பைலர். தேடும் வேலையே இல்லை. ஓர் அட்டையைத் திருத்தி மறுபடியும் கொடுத்தார்கள். 28 பக்கங்களில் விடை வந்து குவிந்தது.

1977-ல் கம்ப்யூட்டர் துறையின் மிக உயர்ந்த டூரிங் பரிசு பாக்கசுக்குக் கிடைத்தது. 2007 மார்ச் 17-ந் தேதி, ஆரிகன் மாநிலத்தில் 82-வது வயதில் காலமானார்.

தவறு செய்யாத மனிதன் இல்லை. பாக்கசும் இளமையில் பல முறை தவறியவர்தான். தவறு என்று மட்டும் சொன்னால் மனிதன் திகைத்து நிற்பான். தவறிய இடத்தைக் காட்டினால் திருத்திக்கொள்வான். அப்படிக் காட்ட எந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் பாக்கஸ் முன்னோடி.