மூத்தவர் மாணவரானார்

விடுதியில் என் அறைக்கு அடுத்த அறையில் முதலாண்டு மாணவன் ஒருவன் இருக்கிறான். வயது 18. கணினி நிரல் எழுதுவதில் வல்லவன். என் ஆய்வுக்கு வேண்டிய கணக்கைக் கணினியில் அமைக்கத் தெரியாமல் நான் 3 வாரம் திண்டாடினேன். ஆயினும் அவனிடம் சென்று கேட்க மனம் ஒப்பவில்லை. ஊரில் கல்லூரிக்கே முதல்வனாகத் தேறியவன், 23 வயது நிரம்பிய முதுநிலை மாணவன், மீசை அரும்பாத பையனிடம் போய்ப் பாடம் கேட்பதா? தமிழ்நாட்டை விட்டு இத்தனை தொலைவு வந்தும் அந்த வீண் பெருமையை மட்டும் பெட்டியில் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தேன்.

ஓர் இரவு அவன் அறையிலிருந்து இசை கேட்டது. தாளம் ஹிப்-ஹாப் தாளம். இயந்திரம் திரும்பத் திரும்பத் தட்டும் தெருத் தாளம். அதன்மேல் ஒற்றை டிரம்பெட், அவசரமே இல்லாமல் பேசிக்கொண்டு போயிற்று. யார் என்று கேட்டேன். மைல்ஸ் டேவிஸ் என்றான். அன்று முதல் அம்மனிதரின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். நண்பர்களே, அதையே இங்குச் சுருங்கச் சொல்கிறேன்.

மைல்ஸ் டேவிஸ் 1926 மே 26-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஆல்ட்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை பல் மருத்துவர்; வசதியான கறுப்பினக் குடும்பம். கிழக்கு செயின்ட் லூயி நகரில் வளர்ந்த சிறுவனுக்கு எல்வுட் புக்கானன் என்பவர் டிரம்பெட் கற்பித்தார். ஒலியை நடுங்கவிடாமல் நேராக நிறுத்தி ஊத வேண்டும் என்பது அவர் பாடம். அந்த நேரிய ஒலியே பின்னாளில் மைல்ஸின் முகவரியாயிற்று.

1944-இல் நியூயார்க்கின் ஜூலியார்டு இசைப் பள்ளியில் சேர்ந்தார். ஆனால் வகுப்பறையைவிட இரவு விடுதிகளே அவரை ஈர்த்தன. சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரைத் தேடி அலைந்து, 1945-இல் அவர் குழுவிலேயே இடம் பெற்றார், பள்ளியையும் விட்டார். பிறகு ஹெராயின் என்னும் நஞ்சு அவரைப் பற்றியது. சில ஆண்டுகள் அதில் அழிந்து, 1954-இல் மீண்டார்.

1959 அவர் வாழ்வின் உச்சியும் பள்ளமும் ஒருங்கே கண்ட ஆண்டு. மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் இரண்டே நாட்களில் 'கைண்ட் ஆஃப் புளூ' என்னும் இசைத்தட்டைப் பதிவு செய்தார். குழுவினருக்கு அவர் தந்தவை சில குறிப்புகளே. அடிக்கடி மாறும் சுரக்கூட்டுகளைத் துரத்தாமல், ஒரு சுரவரிசையிலேயே நின்று கற்பனையை விரிக்கச் செய்தார். நம் ராக ஆலாபனையை அறிந்தவர்க்கு இது புரியும். அமெரிக்காவில் மட்டுமே அத்தட்டு 50 இலட்சத்துக்கு மேல் விற்றது. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள், தம் பெயர் விளக்கொளியில் மின்னிய பேர்ட்லாண்டு அரங்கின் வாயிலிலேயே, போலீசார் அவரைத் தலையில் அடித்துக் குருதி சிந்த வைத்தனர். நிறமே குற்றமாக இருந்த காலம் அது.

வேறொருவராயின் பெற்ற புகழை வைத்தே காலந் தள்ளியிருப்பார். மைல்ஸோ கட்டிய வீட்டைத் தாமே விட்டு வெளியேறியவண்ணம் இருந்தார். 1970-இல் வெளிவந்த 'பிட்சஸ் புரூ'வில் மின்கருவிகளைச் சேர்த்தார். 1972-இல் 'ஆன் த கார்னர்' தட்டில் பாதல் ராயின் தபேலாவும் சித்தாரும் ஒலித்தன. ஜாஸ் கெட்டது என்று பலர் புலம்பினர். 1975 முதல் சில ஆண்டுகள் உடல் நலிந்து மௌனமானார். 1981-இல் புதிய தட்டுடன் மீண்டும் வந்தார்.

இனி என் செவியில் விழுந்த தட்டுக்கு வருகிறேன். அதன் பெயர் 'டூ-பாப்'. 1991 தொடக்கத்தில், தம் 64-ஆம் வயதில், புரூக்ளின் பகுதியைச் சேர்ந்த ஈசி மோ பீ என்னும் ஹிப்-ஹாப் தயாரிப்பாளரை மைல்ஸ் அழைத்தார். அவ்விளைஞருக்கு வயது 25. பழைய இசைத்தட்டுகளிலிருந்து துணுக்குகளை வெட்டியெடுத்து, இயந்திரத்தில் சுழலவிட்டு, புதுத் தாளம் நெய்வது அவர் தொழில். மைல்ஸ் அதற்கேற்ப ஊதினார். சார்லி பார்க்கருடன் நின்றவர், பேரன் வயதினன் போட்ட தாளத்தில் தம் இடத்தைத் தேடினார்!

பணி முடியவில்லை. 1991 செப்டம்பர் 28-இல் கலிபோர்னியாவில் மைல்ஸ் மறைந்தார். அப்போது ஆறு உருப்படிகளே நிறைவுற்றிருந்தன. 1980-களில் மைல்ஸ் ஊதி வெளிவராதிருந்த பதிவுகளை எடுத்து, அவற்றைச் சுற்றித் தாளம் அமைத்து, மேலும் இரண்டை ஈசி மோ பீ உருவாக்கினார். 1992-இல் தட்டு வெளிவந்தது. 1993-இல் கிராமி விருதும் பெற்றது.

இத்தட்டு மைல்ஸின் தலைசிறந்த படைப்பு என்று நான் சொல்லமாட்டேன். இடையே வரும் பேச்சுப்பாட்டு சில இடங்களில் வெறும் முகத்துதியாக நிற்கிறது. விமர்சகர்கள் அதைக் குறை கூறியதில் நியாயம் உண்டு. ஆயினும் என் நெஞ்சைத் தொட்டது வேறொன்று. உலகமே ஆசானாக வணங்கியவர், தமக்குத் தெரியாத வித்தை ஓர் இளைஞனிடம் இருக்கக் கண்டபோது அவனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டார். தோற்றாலும் தோற்கட்டும் என்று துணிந்தார். அத்துணிவு வெற்றியைவிடப் பெரிதன்றோ?

மறுநாள் பக்கத்து அறைக் கதவைத் தட்டினேன். என் நிரலை அவன் பார்த்தான். அரை மணியில் பிழையைக் காட்டினான். ஒரு கழித்தல் குறியை நான் விட்டிருந்தேன். அவன் சிரிக்கவில்லை, தேநீர் போட்டுத் தந்தான். வெந்தது நாக்கு மட்டுமே. மானம் அப்படியேதான் இருந்தது. வாரம் இருமுறை இப்போது அவனிடம் பாடம் கேட்கிறேன்.