கதைசொல்லிக்குப் போட்ட சாலை

மூன்றாம் ஆண்டு, சிவில்

ஆண்டு மலருக்கு ஒரு சாதனையாளரைப் பற்றி எழுதிக் கொடு என்று நம் பேரவைச் செயலாளர் கேட்டார். விஸ்வேஸ்வரய்யா பற்றியும் அப்துல் கலாம் பற்றியும் எழுத நிறைய பேர் இருக்காங்க. நான் எழுதப்போவது என்ஜினீயரிங்கைப் பாதியில் விட்டுட்டுப் போன ஒருத்தரைப் பற்றி. ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். கடைசிவரை படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

போன வருஷம் எனக்கு இரண்டு பேப்பர் அரியர். டிப்ளமோவே வேண்டாம், ஏதாவது பத்திரிகையில் சேர்ந்து எழுதிப் பிழைச்சுக்கலாம்னு முடிவு பண்ணியிருந்தேன். பூந்தமல்லியில் டீக்கடை வைத்திருக்கும் அப்பாவிடம் சொல்ல மட்டும் தைரியம் வரவில்லை. கவலையை மறக்க நூலகத்தில் எடுத்த புத்தகம் புதையல் தீவு. சின்ன வயசில் சுருக்கமாகப் படித்த கதைதான். இந்தத் தடவை கதையைவிட, முன்பக்கத்தில் போட்டிருந்த ஆசிரியர் வரலாறு என்னைப் பிடித்துக்கொண்டது. அதன்பின் அவரைப் பற்றித் தேடித்தேடிப் படித்தேன்.

ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1850 நவம்பர் 13 அன்று ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தவர். அவருடைய குடும்பம் கலங்கரை விளக்கம் கட்டும் குடும்பம். தாத்தா ராபர்ட், அலை ஏறினால் முழுகிப்போகும் கடற்பாறை ஒன்றின்மேல் பெல் ராக் விளக்கைக் கட்டினார். 1811-ல் ஏற்றிய அந்த விளக்கின் கோபுரம் இன்றும் நிற்கிறது. பெரியப்பா ஆலன் கட்டியது ஸ்கெரிவோர் விளக்கம். அப்பா தாமஸும் அதே தொழில். வானிலை நிலையங்களில் வெப்பமானி வைக்க, பக்கமெல்லாம் சாய்வுப் பலகை அடித்த வெள்ளைப் பெட்டி ஒன்று இருக்குமே, ஸ்டீவன்சன் பெட்டி, அது இந்த தாமஸ் வடிவமைத்ததுதான்.

இப்படிப்பட்ட வீட்டில் ஒரே பிள்ளை. விடுவார்களா? 1867-ல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் என்ஜினீயரிங் சேர்த்தாச்சு. பையனோ வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு நோட்டில் கதை எழுதிக்கொண்டிருந்தார். விடுமுறையில் துறைமுக வேலைகளைப் பார்க்க அனுப்பினார்கள். விக் என்ற ஊரில் மூழ்குவோர் உடை மாட்டிக்கொண்டு கடலுக்கடியிலும் இறங்கினார். திறமை இல்லாமல் இல்லை. 1871 மார்ச்சில் கலங்கரை விளக்குகளுக்கு விட்டுவிட்டு எரியும் ஒளி பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். அதற்கு வெள்ளிப் பதக்கமும் கிடைத்தது. அடுத்த மாதமே அப்பாவிடம் போய், இது எனக்கு வேண்டாம், எழுத்துதான் என் வேலை என்று சொல்லிவிட்டார்.

தாமஸ் மனசு என்ன பாடுபட்டிருக்கும்! ஆனாலும் ஒரு நிபந்தனை போட்டுச் சம்மதித்தார். சட்டமாவது படிக்க வேண்டும். 1875-ல் பையன் வக்கீலும் ஆனார். ஆனால் அந்தத் தொழிலை நடத்தவில்லை. நெஞ்சு நோய் விடாமல் துரத்தியது. படுக்கையில் கிடந்தே எழுதினார். 1883-ல் புதையல் தீவு புத்தகமாக வந்தது. 1886-ல் ஜெகில், ஹைட் என்ற ஒரே ஆளின் இரண்டு முகக் கதையும், கிட்நாப்டு நாவலும் வந்தன. உலகமே பேரைச் சொன்னது.

நல்ல காற்றைத் தேடி 1888-ல் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து குடும்பத்தோடு பாய்மரக் கப்பலில் பசிபிக் தீவுகளுக்குக் கிளம்பினார். 1889 டிசம்பரில் சமோவாவின் உபோலு தீவு. அங்கே அப்பியா நகருக்கு மேலே, வாயா மலையடிவாரத்தில் சுமார் 300 ஏக்கர் காட்டை வாங்கி, வைலிமா என்ற வீட்டைக் கட்டிக் குடியேறினார்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம். அந்தக் காலத்தில் தீவுகளுக்குப் போன வெள்ளைக்காரர்களில் பெரும்பாலோர் வியாபாரம், தோட்டம், அதிகாரம் என்று போனவர்கள். ஸ்டீவன்சனும் பணியாட்களை வைத்துத் தோட்டம் போட்டவர்தான், துரை மிடுக்கு இல்லாதவர் இல்லை. ஆனால் அவர் சமோவா மொழியைக் கற்றுக்கொண்டு, கிராமங்களுக்கு விருந்தாளியாகப் போனார்.

சமோவா கிராமத்து வீட்டுக்கு ஃபாலே என்று பெயர். நம்ம ஊர்த் திண்ணையை மட்டும் தனியே எடுத்து, மேலே கூரை போட்டால் எப்படி இருக்கும், அப்படி. சுவரே கிடையாது. சுற்றிலும் மரத்தூண்கள், மேலே கவிழ்த்த படகு மாதிரி ஓலைக்கூரை. மழை வந்தால் தென்னங்கீற்றுத் தட்டிகளை இறக்கிவிடுவார்கள். தரையில் கூழாங்கல், அதன்மேல் தாழை ஓலைப் பாய். சிவில் மாணவர்கள் கவனிக்க: பழைய முறையில் கட்டிய ஃபாலேயில் ஓர் ஆணிகூட இருக்காது. எல்லா இணைப்பும் தேங்காய் நார்க் கயிற்றுக் கட்டுதான். புயலில் ஆடும், வளைந்து கொடுக்கும். பிய்ந்தால் மறுபடி கட்டிக்கொள்ளலாம்.

போனவுடன் உள்ளே நுழைந்துவிட முடியாது. எந்தத் தூணருகில் யார் உட்காருவது என்பதற்கே முறை உண்டு. சம்மணம் போட்டு உட்கார வேண்டும், காலை யாரை நோக்கியும் நீட்டக் கூடாது. தலைவருக்காகப் பேசுவதற்கென்றே ஒரு பேச்சாளர். கையில் கோலும் நார்ச் சாமரமுமாக அவர் வரவேற்புரை சொல்வார். பிறகு ஒரு செடியின் வேரைக் கரைத்த ஆவா என்ற பானம், தேங்காய்ச் சிரட்டையில் வரிசைப்படி வரும். குடிக்குமுன் ஒரு சொட்டு கீழே விட வேண்டும். 1892-ல் மாலியே கிராமத்தில் மத்தாஃபா என்ற தலைவரைப் பார்க்கப் போனபோதும் ஸ்டீவன்சன் இப்படித்தான் அவர்கள் முறைக்கு உட்பட்டு உட்கார்ந்தார். ஊரார் அவருக்கு டூசிடாலா என்று பெயர் வைத்தார்கள். கதை எழுதுகிறவர் என்று அர்த்தம். அவருடைய ஜாடிப்பூதக் கதை ஒன்று 1891-ல் சமோவா மொழியிலேயே வெளிவந்தது.

அப்போது சமோவாவின் தலைக்குமேல் ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா என்று மூன்று வல்லரசுகளின் போட்டி. அவை ஏற்ற அரசர் லாவுபெப்பா ஒரு பக்கம், மத்தாஃபா மறுபக்கம். 1893-ல் சண்டை மூண்டது. மத்தாஃபா தோற்று, மார்ஷல் தீவுகளுக்கு நாடு கடத்தப்பட்டார். அவர் பக்கத்துத் தலைவர்கள் அப்பியா சிறையில் கிடந்தார்கள். தோற்றவனை யார் எட்டிப் பார்ப்பார்கள்? ஸ்டீவன்சன் போனார். உணவு, புகையிலை, ஆவா கொண்டு போய்க் கொடுத்தார். அவர்களுக்காகப் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினார், அதிகாரிகளின் பகையையும் சம்பாதித்துக்கொண்டார்.

1894-ல் விடுதலையான தலைவர்கள் நேரே வைலிமாவுக்கு வந்து ஒரு வேண்டுகோள் வைத்தார்கள். பொதுச் சாலையிலிருந்து அவர் வீட்டுக்கு ஒரு சாலை போட்டுத் தருகிறோம், கூலி வேண்டாம் என்றார்கள். சாலை வேலை என்றால் அங்கே யாரையும் காசு கொடுத்தும் மிரட்டியும் வரவழைக்க முடியாதாம். பெருந்தலைவர்களே மண்வெட்டி பிடித்தார்கள். அக்டோபரில் சாலை முடிந்தது. தங்கள் பெயர்களைப் பொறித்து ஒரு பலகையும் நட்டார்கள். அன்புள்ளங்களின் சாலை என்று அதற்குப் பெயர்.

அன்று விருந்தில் ஸ்டீவன்சன் பேசினார். சாலை போடுங்கள், மரம் நடுங்கள், உங்கள் நிலத்தை நீங்களே பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்பதுதான் பேச்சின் சாரம். என்ஜினீயரிங்கை உதறிய பிள்ளை கடைசியில் சாலையைப் பற்றித்தான் பேசினார், பார்த்தீர்களா!

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 3 மாலை, மனைவியோடு சமையல் வேலையில் இருந்தவர், மூளையில் ரத்தக்குழாய் வெடித்துச் சாய்ந்தார். வயது 44. வாயா மலை உச்சியில் புதைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. சுமார் 1,500 அடி, வழியே இல்லாத காடு. கோடரியோடு வந்த ஊர்மக்கள் ஒரே மூச்சில் வழி வெட்டினார்கள். மறுநாள் தோள் மாற்றித் தோள் மாற்றி அவரைச் சுமந்து ஏறினார்கள். பறவைகள் கலையக் கூடாது என்று அந்த மலையில் துப்பாக்கி சுடவும் தலைவர்கள் தடை போட்டார்கள். வைலிமா வீடு 1994 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது.

இதைப் படித்து முடித்த வாரம் எங்களுக்கு சர்வே கேம்ப். செம்பரம்பாக்கம் ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். முதல் நாளே வண்டியை விட்டு இறங்கி, யாரையும் கேட்காமல் ஒரு வீட்டு வாசலில் முளைக்குச்சி அடித்து டோட்டல் ஸ்டேஷனை நிறுத்தினோம். அந்த வீட்டுப் பாட்டி வெளியே வந்து, என்னப்பா, எங்க இடத்தை எடுக்கப் போறீங்களான்னு கேட்டாங்க. கை நடுங்குச்சு அவங்களுக்கு. நாங்கள் சிரித்துவிட்டு லெவல் பார்த்துக்கொண்டிருந்தோம். ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலையில் அந்தத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். நாங்க படிக்கிற பசங்க பாட்டி, இது வெறும் பயிற்சின்னு சொன்னேன். அவங்க மோர் கொடுத்தாங்க. பழைய வாய்க்கால் எங்கே ஓடியது, எந்த மழைக்கு எதுவரை தண்ணி வந்தது என்று தெருமுழுக்க நடந்து காட்டினாங்க. எங்கள் வரைபடத்தில் இல்லாத வாய்க்கால் அது!

அரியர் இரண்டையும் எழுதி முடித்துவிட்டேன். எழுத்தையும் விடவில்லை, இந்தக் கட்டுரையே சாட்சி. எழுத்து ஆசையை அப்பாவிடம் ஒரு நாள் சொல்லியும் விட்டேன். டீ ஆற்றிக்கொண்டே கேட்டுவிட்டு, முதல்ல டிப்ளமோவை முடி, அப்புறம் ரெண்டையும் செய்டா என்றார். நாளைக்கு நம்மில் பலர் ஏதாவது ஒரு ஊரில் சாலை போடத்தான் போகிறோம். போகிற ஊரில் குச்சி அடிக்குமுன் ஒரு திண்ணையில் உட்கார்ந்துவிட்டு எழுந்திருப்போம், நண்பர்களே.