பல்வங்கர் பாலு

பல்வங்கர் பாலு (இறப்பு: ஜூலை 4, 1955) இந்தியத் துடுப்பாட்ட (கிரிக்கெட்) வீரரும் அரசியல் செயற்பாட்டாளரும் ஆவார். இந்தியா தேர்வுத் துடுப்பாட்டத்தில் நுழைவதற்கு (1932) முன்பிருந்த காலத்தின் மிகச்சிறந்த பந்துவீச்சாளராக இவர் கருதப்படுகிறார். இடதுகைச் சுழற்பந்து வீச்சாளரான இவரை, அக்கால இங்கிலாந்து வீரர் வில்ஃபிரட் ரோட்சுடன் ஒப்பிட்டு இந்தியாவின் ரோட்சு என்று அழைத்தனர். தோல் தொழில் செய்யும் சாம்பார் சாதியில் பிறந்த இவர், தீண்டாமை நிலவிய காலத்தில் ஆடுகளத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டும் தேநீர் மேசையில் விலக்கப்பட்டும் வாழ்ந்தவர். 1932ஆம் ஆண்டின் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களுள் இவரும் ஒருவர்.

இளமை

பாலு, அன்றைய பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்த தார்வாடில் பிறந்தார். பிறந்த ஆண்டு 1875 எனவும் 1876 எனவும் இருவேறாகக் குறிக்கப்படுகிறது. குடும்பப் பெயரான பல்வங்கர், கொங்கணக் கடற்கரையில் உள்ள பல்வன் என்னும் ஊரைக் குறிப்பது. தந்தைக்குப் பூனாவில் படைத்துறை சார்ந்த வேலை அமைந்ததால் பாலு அங்கு வளர்ந்தார். ஆங்கிலேய அதிகாரிகள் பயன்படுத்தி ஒதுக்கிய மட்டைகளையும் பந்துகளையும் கொண்டு பாலுவும் தம்பி சிவராமும் ஆட்டம் பழகினர். இளைய சகோதரர்களான கண்பத், வித்தல் ஆகியோரும் பின்னாளில் சிறந்த ஆட்டக்காரர்கள் ஆயினர்.

பாலுவின் முதல் வேலை பார்சிகள் நடத்திய ஒரு துடுப்பாட்டக் கழகத்தில் களத்தைப் பெருக்கி உருளையிடுவது. மாதச் சம்பளம் 3 ரூபாய். 1892ஆம் ஆண்டளவில் ஐரோப்பியர்களின் பூனா கழகத்தில் சேர்ந்தபோது அது 4 ரூபாயாக உயர்ந்தது. வலை கட்டுவதும் களம் அமைப்பதும் அங்கு இவரது பணிகள். கழக உறுப்பினர் ஒருவர் பயிற்சியின்போது பந்து வீசச் சொல்லி ஊக்கப்படுத்தியதால் இவரது திறமை வெளிப்பட்டது. அக்கழகத்தின் தலைசிறந்த மட்டையாளரான ஜே. ஜி. கிரெய்க், மற்றவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து பாலுவின் பந்துகளை ஆடிப் பழகினார் என்றும், தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறையும் எட்டணா கொடுத்தார் என்றும் ஒரு செய்தி வழங்கி வருகிறது.

பாலு பல நூறு மணி நேரம் பந்து வீசியும், மட்டை பிடிக்க அக்கழகத்தினர் வாய்ப்பளிக்கவில்லை. அக்காலத் துடுப்பாட்டத்தில் மட்டை பிடிப்பது சீமான்களின் செயலாகவும், பந்து வீசுவது கூலிக்கு உழைப்பவரின் செயலாகவும் எண்ணப்பட்டது. இவ்வெண்ணம் இங்கிலாந்திலும் இருந்ததே.

பூனா இந்துக்கள் அணி

ஐரோப்பியரை வெல்ல விரும்பிய பூனா இந்துக் கழகத்தில் பாலுவைச் சேர்ப்பது குறித்துப் பிளவு ஏற்பட்டது. தெலுங்கு பேசும் உறுப்பினர் சிலர் ஆதரிக்க, உள்ளூர்ப் பிராமண உறுப்பினர்கள் எதிர்த்தனர். பாலுவை ஒதுக்கினால் இழப்பு இந்துக்களுக்கே என்ற பொருள்படக் கிரெய்க் பத்திரிகை ஒன்றுக்குக் கருத்துத் தெரிவித்தார். தம் வலைப்பயிற்சியின் ஊழியரை எதிரணியில் சந்திக்க அவர் விரும்பியதும் ஒரு காரணமாக இருக்கலாம். எப்படியாயினும் பாலு அணியில் சேர்க்கப்பட்டார்.

களத்தில் எல்லோரும் ஒரே பந்தைத் தொட்டனர். இடைவேளையில் நிலைமை வேறு. மற்ற வீரர்கள் ஆட்டக்கூடத்துக்குள் பீங்கான் கோப்பையில் தேநீர் அருந்த, பாலுவுக்கு வெளியே மண்குவளையில் ஊற்றப்பட்டது. அது பின்னர் எறியப்பட்டது. உணவும் தனி மேசையில். முகம் கழுவத் தண்ணீர் வேண்டுமெனில் தீண்டப்படாத சாதிப் பணியாள் ஒருவரே கொண்டுவந்து ஊற்றவேண்டும். அணியின் வெற்றிகளில் பெரும்பங்கு இவருடையதாக இருந்தும் இவ்வழக்கம் உடனே மாறவில்லை.

ஒருமுறை சாத்தாராவில் வெள்ளையர் கழகத்தினர், பாலுவின் சுழல் எடுபடாதிருக்கக் களத்தைப் பல நாட்கள் உருளையிட்டு இறுக்கி வைத்தனர். களம் அமைப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தவரிடம் இவ்வுத்தி பலிக்கவில்லை. பாலு 7 பேரை ஆட்டமிழக்கச் செய்து பூனா அணியை வெற்றிபெறச் செய்தார். அணி திரும்பியதும் நடந்த பாராட்டு விழாவில் நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடே இவருக்கு மாலை அணிவித்தார். பாலுவுடன் சேர்ந்து ஆடுகிறவர்கள் சேர்ந்து உண்ணவும் வேண்டும் என்று ரானடே கருதியதாக அறியப்படுகிறது.

பம்பாயில்

1896இல் பூனாவைக் கொள்ளைநோய் தாக்கியதைத் தொடர்ந்து பாலு பம்பாய்க்குக் குடிபெயர்ந்தார். அங்கு பரமானந்ததாஸ் ஜீவன்தாஸ் இந்து ஜிம்கானாவில் இடம்பெறவும் எதிர்ப்புகளைக் கடக்க வேண்டியிருந்தது. பம்பாய், பரோடா, மத்திய இந்திய இரயில்வேயில் பணிபுரிந்து அதன் அணிக்காகவும் ஆடினார்.

1906 பிப்ரவரியில் பம்பாயில் இந்துக்கள் அணி முதன்முறையாக ஐரோப்பியர் அணியை எதிர்த்து ஆடியது. பாலுவும் சிவராமும் அணியில் இருந்தனர். இந்துக்கள் 242, 160 ஓட்டங்களும் ஐரோப்பியர் 191, 102 ஓட்டங்களும் எடுக்க, இந்துக்கள் வென்றனர். பாலு இரு ஆட்டங்களிலுமாக 8 இலக்குகளை வீழ்த்தினார். வங்காளப் பிரிவினையை எதிர்த்து நாடெங்கும் சுதேசி இயக்கம் நடந்த வேளையாதலால் இவ்வெற்றி விளையாட்டையும் தாண்டிப் பேசப்பட்டது. இதற்குள் ஜிம்கானாவில் சகோதரர் இருவரும் மற்றவர்களுடன் சேர்ந்து உணவருந்தும் நிலை ஏற்பட்டிருந்தது. சென்னையில் 1890இல் தொடங்கப்பட்டுப் பின்னர் பம்பாய்க்கு மாறியதும், தமிழரான காமாட்சி நடராஜன் ஆசிரியராக இருந்ததுமான இந்தியன் சோசியல் ரிஃபார்மர் இதழ், இம்மாற்றத்தை முக்கியமான முன்னேற்றமாகச் சுட்டிக்காட்டியது.

1907இல் பார்சிகள் சேர்ந்து மும்முனைப் போட்டியாகவும், 1912இல் முஸ்லிம்கள் சேர்ந்து நான்முனைப் போட்டியாகவும் இது வளர்ந்தது. ஏறத்தாழ 1920 வரை பாலு இவற்றில் ஆடினார்.

1911 இங்கிலாந்துச் சுற்றுப்பயணம்

பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் தலைமையில் அனைத்திந்திய அணி 1911இல் இங்கிலாந்து சென்றது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழா நடந்த ஆண்டு அது. விருந்துகளிலும் விழாக்களிலும் ஈடுபட்ட மகாராஜா சில ஆட்டங்களில் மட்டுமே கலந்துகொண்டார். அணி 23 ஆட்டங்களில் 6இல் மட்டும் வென்று 15இல் தோற்றது.

தோற்ற அணியில் பாலுவின் பந்துவீச்சு தனித்து நின்றது. 35 வயதை எட்டியிருந்த இவர், தோள்பட்டை வலியுடன் எல்லா ஆட்டங்களிலும் சேர்த்து 114 இலக்குகளைக் கைப்பற்றினார். முதல்தர ஆட்டங்களில் மட்டும் 75. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக 103 ஓட்டங்கள் கொடுத்து 8 இலக்குகள் எடுத்தார். லெஸ்டர்ஷயருக்கு எதிராக 11 இலக்குகளை வீழ்த்தி அணிக்கு வெற்றி தேடித் தந்தார். சோமர்செட்டுடனான ஆட்டத்தில் தம்பி சிவராம் ஆட்டமிழக்காது 113 ஓட்டங்கள் எடுக்க, இந்தியர் ஒரு இலக்கால் வென்றனர்.

நாடு திரும்பியபோது பம்பாயின் தாழ்த்தப்பட்ட மக்கள் பாலுவுக்கு வரவேற்பு விழா நடத்தினர். அதில் வாசித்தளிக்கப்பட்ட பாராட்டிதழை எழுதியவர், அப்போது இருபது வயது இளைஞராயிருந்த பீம்ராவ் அம்பேத்கர் எனக் கூறப்படுகிறது.

அணித்தலைமை

மூத்தவராகவும் முதன்மை வீரராகவும் இருந்தும் பாலு இந்துக்கள் அணியின் தலைவராக நியமிக்கப்படவே இல்லை. 1910 முதலே இக்கோரிக்கை எழுந்தது. 1913இல் தலைவராக்கப்பட்ட எம். டி. பை என்னும் பிராமண வீரர், அப்பதவி மூத்தவரான பாலுவுக்கே உரியது எனப் பொது விழாவில் ஒப்புக்கொண்டார். ஆயினும் நிலைமை மாறவில்லை. 1920இல் பாலு அணியிலிருந்து நீக்கப்பட்டதோடு, பை இல்லாதபோது தலைமை டி. பி. தேவ்தருக்கு அளிக்கப்பட்டது. சிவராமும் வித்தலும் சாதியின் பெயரால் தாங்கள் புறக்கணிக்கப்படுவதாக அறிக்கை விட்டு விலகினர். பொதுக்கருத்து அவர்கள் பக்கம் திரும்பவே, இறுதியாட்டத்தில் மூவரும் அழைக்கப்பட்டனர். பாலு துணைத்தலைவர் ஆனார். பை சிறிது நேரம் களத்தைவிட்டு நீங்கியபோது பாலு அணியை நடத்தினார். இவருக்குக் கிட்டிய தலைமை அவ்வளவே.

1923இல் வித்தல் தலைவராக்கப்பட்டார். அவ்வாண்டு இந்துக்கள் கோப்பையை வென்றபோது ஆதரவாளர்கள் வித்தலைத் தோளில் தூக்கிச் சென்றனர். அமெரிக்காவில் இதே போன்றதொரு தடை நிறத்தின் பெயரால் நீடித்தது. புகழ்பெற்ற கறுப்பினப் பேஸ்பால் பந்தெறிவாளர் சாச்செல் பேஜ், பெருங்கூட்டமைப்பில் முதன்முதலாக ஆடியது 1948இல், தமது 42ஆம் வயதில்தான்.

முதல்தரத் துடுப்பாட்டத்தில் பாலு 33 ஆட்டங்களில் 179 இலக்குகளை 15.21 என்ற சராசரியில் கைப்பற்றினார். இக்கணக்கு 1906இல், இவரது முப்பது வயதளவில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய இளமைக்கால ஆட்டங்கள் இதில் அடங்கவில்லை.

அரசியல்

1932 ஆகஸ்டில் பிரித்தானிய அரசு தாழ்த்தப்பட்டோருக்குத் தனித்தொகுதி வழங்கியது. அதை எதிர்த்துக் காந்தி செப்டம்பர் 20 அன்று எரவாடா சிறையில் உண்ணாநோன்பு தொடங்கினார். அம்பேத்கர் தனித்தொகுதியை ஆதரித்தார். பாலுவும் சென்னையைச் சேர்ந்த எம். சி. ராஜாவும் கூட்டுத்தொகுதியை ஆதரித்து, அம்பேத்கரை இணங்கவைக்க முயன்றனர். செப்டம்பர் 24 அன்று உருவான பூனா ஒப்பந்தத்தில் தனித்தொகுதிக்கு மாறாக, மாகாணச் சட்டமன்றங்களில் 148 இடங்கள் ஒதுக்கப்பட்டன. இரட்டைமலை சீனிவாசன், எம். சி. ராஜா ஆகியோரோடு பாலுவும் அதில் கையெழுத்திட்டார்.

1937ஆம் ஆண்டுத் தேர்தலில், பம்பாயில் அம்பேத்கரை எதிர்த்துக் காங்கிரசு பாலுவை நிறுத்தியது. தம்மை ஒருகாலத்தில் வாழ்த்தி எழுதியவரை எதிர்த்துப் பாலு நின்றார். அம்பேத்கர் 13,245 வாக்குகளும் பாலு 11,225 வாக்குகளும் பெற்றனர்.

பாலு 1955 ஜூலை 4 அன்று பம்பாயில் காலமானார். வித்தல் 1948இல் மராத்தியில் எழுதிய தன்வரலாறு, சகோதரர்களின் வாழ்வை அறிய உதவும் முதன்மைச் சான்றாகும். நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்த பாலுவை, வரலாற்றாசிரியர் இராமச்சந்திர குகா 2002இல் வெளியிட்ட இந்தியத் துடுப்பாட்ட வரலாற்று நூல் மீண்டும் அறிமுகப்படுத்தியது. 2001இல் வெளியான லகான் திரைப்படத்தில் வரும் கச்ரா என்னும் சுழற்பந்து வீச்சாளர் பாத்திரத்தில் பாலுவின் சாயல் இருப்பதாகப் பலர் கருதுகின்றனர்.