மருந்துப் பெட்டியை இழந்த மருத்துவர்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்

டேவிட் லிவிங்ஸ்டன் என்றதும் விக்டோரியா அருவியும், அவரைத் தேடிச் சென்ற ஸ்டான்லியுமே நம் நினைவுக்கு வருகின்றனர். பள்ளி நூல்கள் அவரை நாடுகாண் பயணியாகவே காட்டின. ஆனால் அவர் முறையாகப் பயின்ற மருத்துவர். ஆப்பிரிக்காவின் தென்பகுதி நோய்களை உற்றுநோக்கி எழுதி வைத்தவர். அந்த மருத்துவரைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

1813-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில், பிளான்டயர் என்னும் ஊரில், ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். பத்து வயதில் நூற்பாலை வேலைக்குச் சென்றார். காலை 6 மணி முதல் இரவு 8 மணி வரை வேலை. முதல் வாரக் கூலியில் ஒரு பகுதியைக் கொடுத்து லத்தீன் இலக்கண நூல் வாங்கினார். நூற்பு எந்திரத்தின்மேல் புத்தகத்தை வைத்து, கடந்து செல்லும்போதெல்லாம் ஒரு வரி படிப்பாராம். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன் நான்; இப்பகுதியை இருமுறை படித்தேன்.

பின்னர் கிளாஸ்கோவில் மருத்துவம் பயின்றார். ஸ்டெதாஸ்கோப்பின் பயன் குறித்துத் தேர்வாளர்களோடு கருத்து வேறுபட்டதால் கடுமையாகச் சோதிக்கப்பட்டார். ஆயினும் 1840 நவம்பரில் தேறினார். மறு ஆண்டே சமய ஊழியராக, இன்றைய தென்னாப்பிரிக்காவிலுள்ள குருமான் சென்றடைந்தார்.

அங்கு வாழ்ந்த சுவானா மக்களிடம் நிமோனியா, மூட்டுவலி, கண்ணழற்சி ஆகியவை மிகுதி என்றும், காசநோய் அரிது என்றும் குறித்தார். ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன் ஏதேனும் ஒரு தொற்றுநோய் பரவுவதையும் கண்டார். உள்ளூர் வைத்தியர்களை அவர் இகழவில்லை. அவர்கள் விரும்பினாலோ, கைவிட்டாலோ அன்றி அவர்களுடைய நோயாளியைத் தொடமாட்டார்.

1850-இல் இன்றைய போட்சுவானாவிலுள்ள நகாமி ஏரிக்குக் குடும்பத்தோடு சென்றபோது, அவருடைய குழந்தைகளையே மலேரியா தாக்கியது. கொயினாவோடு கலோமல், ரேவல்சின்னி, ஜாலப் பிசின் ஆகிய பேதி மருந்துகளைச் சேர்த்து அவர் மாத்திரை உருட்டினார். இம்மாத்திரை பின்னாளில் அவர் பெயராலேயே விற்பனைக்கு வந்தது. காய்ச்சலுக்குக் கொயினாவைத் தயங்காமல் போதிய அளவில் கொடுத்தவர்களுள் அவர் முன்னோடி.

விலங்கியல் மாணவர்களாகிய நாம் வியக்க வேண்டியது ஒன்றுண்டு. கொசுக்கள் மொய்க்கும் இடத்தில் மலேரியா இருப்பதை அவர் குறித்தார். ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியைக் கண்டது 1897-இல்! செட்சி ஈ கடித்த கால்நடைகள் மெலிந்து மடிவதை விரிவாக எழுதினார். ஈ கடித்த குதிரை ஒன்றுக்கு ஆர்சனிக் கொடுத்தும் பார்த்தார். அந்நோயின் கிருமியை டேவிட் புரூஸ் சூலுலாந்தில் கண்டது 1895-இல்தான். இருபதாம் நூற்றாண்டில் ஆர்சனிக் கூட்டுப்பொருள்களே உறக்க நோய்க்கு மருந்தாயின. உண்ணி கடித்தபின் வரும் காய்ச்சலையும் அவர் விட்டுவிடவில்லை.

ஆனால் மருந்து எப்போதும் வெல்வதில்லை. 1862-இல் சாம்பசி ஆற்றங்கரையில் அவர் மனைவி மேரி காய்ச்சலில் விழுந்தார். கொயினா இருந்தது, ஓயாத வாந்தியால் உடலில் தங்கவில்லை. கணவரின் கண்முன்னே அவர் உயிர் பிரிந்தது.

1867 சனவரியில் இன்னொரு பேரிடி விழுந்தது. சுமை தூக்கி வந்தவர்கள் மருந்துப் பெட்டியோடு ஓடிவிட்டனர். எத்தனையோ பேருக்குக் கொயினா கொடுத்தவரிடம் தமக்கென ஒரு மாத்திரை இல்லை! தமக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டதாகவே அவர் உணர்ந்தார். 1871-இல் ஸ்டான்லி மருந்தோடு வந்தபோது உடல் தளர்ந்திருந்தது. 1873 மே 1-ஆம் நாள், இன்றைய சாம்பியாவில் சிதாம்போவின் ஊரில் இறந்தார்.

அவருடைய ஆப்பிரிக்கத் தோழர்கள் சூமாவும் சூசியும் மற்றவர்களும் இதயத்தை அங்கேயே ஒரு மரத்தடியில் புதைத்தனர். உடலைப் பதப்படுத்தி, ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை வரை சுமந்தனர். முன்பு சிங்கம் கடித்து முறித்த கை எலும்பே இலண்டனில் அவரை அடையாளம் காட்டியது.

நண்பர்களே, நோயின் காரணம் அறியப்படாத காலத்தில் அவர் செய்தது, கண்டதைக் கண்டபடி எழுதி வைத்ததே. பின்வந்தோர் அதிலிருந்து தொடங்கினர். சூமாவும் சூசியும் உடலை மட்டும் சுமந்து வரவில்லை. அவருடைய குறிப்பேடுகளையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தனர்.