டாக்டர் ஹில்டா கிளார்க் அம்மையார்

தோலைத் தொட்டவன் தீட்டுப்பட்டவன் என்று ஒதுக்கிய ஊர்களில் வாழ்ந்தவர்கள் நம் முன்னோர். மங்கலம் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் மின்மோட்டார் வருவதற்கு முன், கவலை இறைக்கும் சாலுக்குத் தோல் வால் தைத்துக் கொடுத்தவர்கள் அவர்களே. அந்த வால் இல்லையேல் கிணற்று நீர் வாய்க்காலுக்கு ஏறியிராது. பாய்ந்த நீருக்குத் தீட்டில்லை; விளைந்த சோளத்துக்கும் தீட்டில்லை; தைத்த கைக்கு மட்டும் தீட்டு! இதே தோல் தொழிலைக் கடல் கடந்த நாட்டில் நடத்திய ஒரு குடும்பத்தில் பிறந்து, பகை நாட்டுக் குழந்தைகளின் பசி தீர்த்த மருத்துவர் ஒருவரின் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிதல் நலம்.

இங்கிலாந்தில் சோமர்செட் மாவட்டத்தில் ஸ்ட்ரீட் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே 1825-இல் சைரஸ் கிளார்க் என்பவர் ஆட்டுத்தோல் விரிப்புகள் செய்யத் தொடங்கினார். வெட்டி எஞ்சிய துண்டுத் தோல்களைக் கொண்டு அவர் தம்பி ஜேம்ஸ் வீட்டுச் செருப்புகள் தைத்தார். அத்துண்டுகளே பின்னாளில் உலகறிந்த கிளார்க்ஸ் காலணி நிறுவனமாயின. இடையில் 1863-இல் தொழில் நொடிக்கும் நிலைக்கு வந்தது. அப்போது அவர்கள் சார்ந்திருந்த குவேக்கர் சபையினர் கடன் கொடுத்துத் தாங்கினர். ஜேம்ஸின் மகன் வில்லியம் பொறுப்பேற்று, இயந்திரங்களைப் புகுத்தித் தொழிலை நிலைநிறுத்தினார். அந்த வில்லியத்தின் கடைசி மகளாக 1881-இல் பிறந்தவரே ஹில்டா. தாயார் ஹெலன், கிரிமியப் போரைப் பாராளுமன்றத்தில் துணிந்து எதிர்த்த ஜான் பிரைட்டின் மகள்.

குவேக்கர்கள் என்போர் 17-ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் பாக்ஸ் தொடங்கிய கிறித்தவ சபையினர். எல்லா மனிதருள்ளும் இறையொளி உண்டென்பது அவர்கள் கொள்கை. ஆகவே அவர்கள் போரில் ஆயுதம் ஏந்துவதில்லை. சபையில் பெண்களும் எழுந்து பேசலாம். அரசாங்கத் திருச்சபைக்கு அடங்காததால் சிறைப்பட்டனர். பழம்பெரும் பல்கலைக்கழகங்களில் 1871 வரை அவர்களுக்கு முழு உரிமை கிடைக்கவில்லை. அதனால் வாணிபத்திலும் கைத்தொழிலிலும் இறங்கினர். எனினும் அவர்கள் பட்டதையும் நம்மவர் பட்டதையும் ஒரே தராசில் வைக்க இயலாது. அவர்களுக்கு ஊர்க் கிணறு மறுக்கப்படவில்லை. முதலாளியாயிருந்து தோலை விற்றவர்கள் அவர்கள். செத்த மாட்டைச் சுமக்கும்படி யாரும் அவர்களைப் பணித்ததில்லை. நொடித்தபோது கடன் தரத் தம்மவர் இருந்தனர். நம் பாட்டனார்களுக்கு அப்படி யார் இருந்தார்?

வியப்பான செய்தி ஒன்று. அதே ஸ்ட்ரீட் ஊரில் வாழ்ந்த கேத்தரின் இம்பி என்னும் குவேக்கர் பெண்மணி, 1888-இல் சாதி எதிர்ப்பு என்று பொருள்படும் 'ஆன்டி-காஸ்ட்' என்ற பெயரில் இதழொன்றைத் தொடங்கினார். நிறத்தால் மனிதரைத் தாழ்த்தும் கொடுமையையே அவர் சாதி என்றார். ஹில்டா சிறுமியாக வளர்ந்த ஊர் இத்தகையது.

பர்மிங்காமிலும் லண்டனிலும் பயின்று 1908-இல் ஹில்டா மருத்துவரானார். பெண் மருத்துவர்கள் அரிதாயிருந்த காலம் அது. காசநோய் சிகிச்சையில் ஈடுபட்டு, சொந்த ஊரிலேயே மருந்தகம் நடத்தினார். போர்ட்ஸ்மத் நகரில் காசநோய் மருத்துவ அலுவலராகவும் பணியாற்றினார்.

1914-இல் முதல் உலகப்போர் மூண்டது. போரால் வீடிழந்த மக்களுக்குத் துணை நிற்கக் குவேக்கர்களின் நிவாரணக் குழுவை மீண்டும் எழுப்பியவர்களுள் ஹில்டா முதன்மையானவர். அவ்வாண்டின் இறுதியிலேயே பிரான்சு நாட்டின் ஷாலோன் நகரில், போர்முனைக்கு அருகே, பிரசவ மருத்துவமனை ஒன்று உருவாயிற்று. அவருடைய உயிர்த்தோழியான செவிலியர் எடித் பை அதனை நடத்தினார். போர்க்காலத்தில் அங்கே ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகள் பிறந்தன.

1919-இல் ஹில்டா வியன்னாவுக்குச் சென்றார். ஆஸ்திரியா அதுவரை இங்கிலாந்தின் பகை நாடு. நேச நாடுகளின் கடல் முற்றுகை போர் நின்ற பின்னும் உடனே நீக்கப்படவில்லை. பாலும் கொழுப்பும் இன்றிக் குழந்தைகளின் எலும்புகள் வளைந்திருந்தன. பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கு அமெரிக்கர் உணவளித்தனர். பள்ளி வயது எட்டாத சிறு குழந்தைகளைக் குவேக்கர் குழு கவனித்தது. டப்பாப் பால் எத்தனை நாளைக்கு வரும்? ஹாலந்திலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் கறவை மாடுகளை வாங்கிச் சுற்றுப்புற விவசாயிகளிடம் ஒப்படைத்தனர். விவசாயிகள் மாட்டின் விலையைப் பணமாகத் தர வேண்டியதில்லை. குழந்தைகள் நல நிலையங்களுக்குப் பாலாக ஊற்றிக் கழித்தால் போதும். குழந்தைக்குப் பால், விவசாயிக்கு மாடு, யாரும் கையேந்தி நிற்க வேண்டியதில்லை. நம் கூட்டுறவுச் சங்கத்தார் இந்த ஏற்பாட்டை ஒருமுறை ஊன்றி நோக்கலாம்.

பின்னர் கிரேக்க நாட்டு அகதிகளிடையேயும், 1933-க்குப் பின் ஹிட்லரின் ஆட்சிக்குத் தப்பி வந்தோரிடையேயும் அம்மையார் உழைத்தார். வங்கப் பஞ்சத்தில் 1943-இல் நம் நாட்டிலும் குவேக்கர் தொண்டர்கள் பணிபுரிந்தனர். பிரிட்டிஷ், அமெரிக்கக் குவேக்கர் தொண்டு அமைப்புகள் இரண்டுக்கும் 1947-இல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது.

முதுமையில் நடுக்குவாத நோயுற்று, 1952-இல் ஹில்டா ஸ்ட்ரீட்டுக்கே திரும்பினார். 1955 பிப்ரவரி 24-இல் காலமானார். பத்தாண்டுகள் கழித்து எடித் பையும் மறைந்தார். செருப்புத் தைத்து உயர்ந்த அவ்வூரின் குவேக்கர் இடுகாட்டில், இருவர் பெயரையும் தாங்கி ஒரே கல் நிற்கிறது.